அது மன்னர் சிலை இல்லீங்க, மாடு மீட்டு செத்தவனோட கல்லு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல கீழ் மூலையில ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, ஏரிக்கரையில சீமைக்கருவேல மரம் புடுங்கும்போது ஜேசிபியில தட்டுப்பட்ட கல்லுன்னு, அதுக்கு "பழங்கால மன்னர் சிலை கண்டெடுப்பு"ன்னு தலைப்பு. முதல்ல டீக்கடையில பாத்தேன், அப்புறம் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பேத்தியோட லென்ஸ வாங்கி வச்சு பாத்தேன். ஐயா அது மன்னர் சிலை இல்ல. நடுகல். அதுல நிக்கறவன் ராஜா இல்ல, களவு போன மாட்டை மீட்கப் போயி அம்பு பட்டு செத்தவன், அதை அந்தக் கல்லே சொல்லுது, எழுத்து படிக்கத் தெரியலைன்னாலும் பரவால்ல, அவனைச் சுத்தி செதுக்கியிருக்கற ஒவ்வொரு சாமானும் ஒரு சேதி. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், நீங்க சுருக்கிப் போட்டாலும் சரி, ஆனா அந்த தலைப்பை மட்டும் திருத்திப் போடுங்க.

நான் 29 வருஷம் கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தவன், பெரும்பாலும் திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை ரூட்டு, இல்லன்னா தண்டராம்பட்டு வழியா அரூர் பக்கம். இந்த ரூட்டுல யாராவது ஏறி "வேடியப்பன் கோயில் ஒண்ணு"ன்னு டிக்கெட் கேட்டா எந்த வேடியப்பன்னு திருப்பிக் கேக்கணும், அத்தனை வேடியப்பன். எல்லாம் ஒரு புளியமரம் இல்ல வேப்பமரம், அடியில ஒரு பலகைக்கல்லு, அதுல வில்லும் கத்தியும் வச்சு ஒரு ஆளு. நானும் டிரைவரும் தாண்டும்போதெல்லாம் கன்னத்துல போட்டுக்குவோம். மூணாவது சீட்டுல ஜன்னலோரமா ஒரு தமிழய்யா தினமும் வருவாரு, மேல்நிலைப்பள்ளி வாத்தியார். அவர்தான் ஒருநாள் சொன்னாரு, "கண்டக்டர், நீங்க கும்பிடற வேடியப்பன் சாமி ஆகறதுக்கு முன்னாடி நம்மளாட்டம் மனுஷன், ஒருநாள் லீவு போடுங்க, அவரு யாருன்னு காட்டறேன்". லீவு போட்டுட்டு அவர் டிவிஎஸ்50ல பின்னாடி உக்காந்து போனேன், அன்னைக்கு பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல. 1972ல தமிழ்நாடு தொல்லியல் துறை "செங்கம் நடுகற்கள்"னு தனிப் புஸ்தகமே போட்டிருக்கு, நாகசாமி ஐயா பதிப்பிச்சது, அதோட ஜெராக்ஸ் ஒண்ணு தமிழய்யாகிட்ட இருந்துச்சு, ஓரமெல்லாம் கிழிஞ்சு போயி. அவர் காலமானதுக்கு அப்புறம் அவங்க வீட்டம்மா அதை எனக்கே குடுத்துட்டாங்க.

சரி போட்டோவுக்கு வரேன். மொதல்ல அவன் தலையப் பாருங்க, கிரீடம் இல்ல, தலைமுடியை சேத்து முடிஞ்ச கொண்டை. இடது கையில வில்லு, வலது கையில குட்டையான கத்தி, இடது கால் முன்னாடி வச்சு ஓடப் போறவன் மாதிரி நிக்கறான். செங்கம் பக்கத்து பல்லவர் காலத்து கல்லுல நிறைய இந்த நிலைதான். இப்ப நெஞ்சுக்கிட்ட பாருங்க, உங்க போட்டோவுல ரெண்டு சாய்ஞ்ச கோடு தெரியுது, அது கல்லு வெடிப்பு இல்ல, அம்பு. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு தொடையில. நடுகல்லுல ஒரு ஆளு உடம்புல அம்பு தைச்சிருந்தா அவன் அங்கேயே விழுந்தான்னு அர்த்தம், முதுகுல இல்லாம முன்பக்கம் தைச்சிருக்குன்னா ஓடிப் போகும்போது விழல, எதுத்து நிக்கும்போது விழுந்தான்னு அர்த்தம். அவங்க சொந்தக்காரங்களுக்கு அதுதான் பெருமை, அதைத்தான் உளி வச்சு காட்டச் சொல்லியிருக்காங்க.

மன்னர்னு ஏன் எழுதிட்டாங்கன்னும் எனக்குப் புரியுது. கல்லுக்கு மேல் பக்கம் வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்துல நாலஞ்சு வரி இருக்கு, யாராவது படிச்சவங்க வந்து முதல் வரிய படிச்சிருப்பாங்க, அதுல ராஜா பேரு இருந்திருக்கும், உடனே ராஜா சிலைன்னு எழுதிட்டாங்க. எங்க பக்கத்து பல்லவர் காலத்து நடுகல்லுல பெரும்பாலும் முதல் வரி அப்படித்தான் இருக்கும். "கோவிசைய" இன்னார் "பருமற்கு" இத்தனாவது ஆண்டுன்னு ஆரம்பிக்கும், அது தேதி ஐயா. நமக்கு இன்னைக்கு 2024, 2025ன்னு போடற மாதிரி அவங்களுக்கு ராஜா பட்டத்துக்கு வந்த வருஷக் கணக்கு. அதுக்கு அப்புறம்தான் விஷயமே வரும், அந்தப் பகுதிய ஆண்ட சின்னத் தலைவன் யாரு, இவன் யாரோட சேவகன், யாரு வந்து தொறு பிடிச்சாங்க, கடைசியில இவன் பேரு, "பட்டான் கல்". தொறுன்னா மாட்டு மந்தை. பட்டான்னா செத்தான். பட்டுப்போன மரம்னு இன்னைக்கும் சொல்றோமே, அதே சொல்லுதான். ஆக கல்லுல ராஜா பேரு முதல்ல இருந்தாலும் கல்லு ராஜாவுக்கு இல்ல.

மாடு எங்கன்னு கேப்பீங்க. போட்டோவுல அவன் இடது காலுக்குப் பக்கத்துல, கீழ் ஓரத்துல, பொடிசா மூணு உருவம் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கின மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் முதுகுல ஒரு மேடு. அது திமில். மாட்டை இவ்ளோ சின்னதா செதுக்குவாங்களான்னு நானும் தமிழய்யாகிட்ட கேட்டேன், "இந்தக் கல்லுல சைஸ் உசரத்தைக் காட்டாது, யாரு கதைன்னு காட்டும்"னாரு. வீரன் பெருசு, மத்ததெல்லாம் பொடிசு. இந்த ஜவ்வாது மலை அடிவாரம், தென்பெண்ணை ஓரம், மழை பேஞ்சா சோளம் கேழ்வரகு இல்லன்னா ஒண்ணும் இல்ல, மாடுதான் சொத்து. வள்ளுவரே செல்வத்துக்கு மாடுன்னு சொல்லுவாரே, "மாடல்ல மற்றை யவை"ன்னு. ஒரு ஊரை அழிக்கணும்னா மந்தையை ஓட்டிக்கிட்டுப் போனா போதும். ஓட்டிட்டுப் போறது வெட்சி, தொரத்திப் போயி மீட்கறது கரந்தைன்னு தமிழ்ல ரெண்டுக்கும் தனித்தனி திணை, பூ முதக்கொண்டு வேற வேற. மீட்கப் போனவனுக்கும் கல்லு உண்டு, பிடிக்கப் போயி செத்தவனுக்கும் கல்லு உண்டு, அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க வீரன்.

அடுத்தது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, யாரும் கவனிக்காததும் அதுதான். வீரனோட வலது காலுக்குப் பக்கத்துல ஒரு சின்னச் செம்பு மாதிரி ஒண்ணு, அதுக்கு பக்கவாட்டுல மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், அது கெண்டி. அதுகூடவே மூடி போட்ட சின்ன டப்பா மாதிரி ஒண்ணு, அது சிமிழ். நிறைய பேரு இதை பூ டிசைன்னு நெனச்சு விட்டுடறாங்க. போர் நடக்கற இடத்துல செம்புக்கு என்ன வேலை? அது அவனுக்கு வச்ச படையல், கள்ளுன்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. இதுக்கு சாட்சி நம்ம பக்கத்துலயே இருக்கு. தகடூர் அதியமான் செத்தப்ப ஔவையார் பாடினது புறநானூறுல 232, நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி சின்னக் கலயத்துல நார்ல வடிச்ச கள்ளை ஊத்தறீங்களே அதை அவன் வாங்கிக்குவானா, மலையோட நாட்டையே குடுத்தப்பக்கூட வாங்கிக்காதவனாச்சேன்னு. தகடூருன்னா இன்னைக்கு தருமபுரி, எங்க டிப்போல இருந்து ரெண்டு மணி நேரம். அந்தப் பாட்டுல வர்ற கலயம்தான் கல்லுல கெண்டியா நிக்குதுன்னு நான் நம்பறேன். எங்க ஊர்ல வேடியப்பனுக்கு பொங்கல் வைக்கும்போது பெரியவங்க ஒரு பாட்டில் மூடியத் தொறந்து ரெண்டு சொட்டு கல்லு முன்னாடி விடுவாங்க, சின்னப் பசங்க சிரிப்போம், இப்ப சிரிப்பு வர மாட்டேங்குது.

நாய் கதையும் சொல்லிடறேன், இதைக் கேக்காதவங்க எங்க பக்கத்துல இருக்கக் கூடாது. எடுத்தனூர்னு தண்டராம்பட்டு பக்கத்துல ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல், மகேந்திரவர்ம பல்லவரோட 34ஆவது ஆட்சி ஆண்டு, அதாவது ஏறக்குறைய 1400 வருஷம் முன்னாடி. கருந்தேவக்கத்திங்கறவன் எருமை மந்தைய காப்பாத்தப் போயி செத்திருக்கான். அவன் பக்கத்துல ஒரு நாய் நிக்குது. அந்த நாய்க்கு தனியா எழுத்து வெட்டியிருக்காங்க, "கோவிவன்" என்னும் நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சு காத்திருந்ததுன்னு. எசமான் விழுந்ததுக்கு அப்புறமும் அது ரெண்டு பேரைக் கடிச்சு மந்தையையோ எசமானையோ விடாம நின்னிருக்கு, ஊரு அதை மறக்கல, பேரோட கல்லுல போட்டுட்டாங்க. அந்த நாயோட பேரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும். சேவலுக்குக்கூட கல்லு இருக்கு, விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல, சண்டையில செத்த சேவல், பேரோட. செத்தது யாருன்னு பாக்காம எப்படி செத்துச்சுன்னு பாத்த ஜனங்க அவங்க.

எல்லாக் காலத்துலயும் உருவம் செதுக்கினாங்கன்னு சொல்ல முடியாது. தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி பக்கத்துல புலிமான்கோம்பைன்னு வைகைக்கரை ஊரு, 2006ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க அங்க மூணு நடுகல் கண்டுபிடிச்சாங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு, தமிழ் பிராமி எழுத்து. அதுல படமே கிடையாது. ஒண்ணுல "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்"னு மட்டும் இருக்கு. கூடல் ஊர்ல நடந்த ஆகோள், அதாவது மாடு பிடிச்ச சண்டை, அதுல செத்த தீயன் அந்தவனோட கல்லு, அவ்ளோதான். பேரு, ஊரு, காரணம். வில்லு கத்தி கெண்டி எல்லாம் அப்புறம் வந்தது, எழுத்து படிக்கத் தெரியாத ஜனமும் பாத்த உடனே புரிஞ்சுக்கட்டும்னுதான் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது. தொல்காப்பியத்துல கல்லு நடறதுக்கே ஆறு கட்டம் சொல்லியிருக்கு, நல்ல கல்லாப் பாத்து தேர்ந்தெடுக்கறது, எடுத்துட்டு வர்றது, தண்ணியில போடறது, நடறது, படையல் வைக்கறது, வாழ்த்தறது. எங்க ஊர்ல அம்மனுக்கு புதுசா கல்லு எடுத்தப்ப ஏறக்குறைய இதே வரிசையில செஞ்சாங்க, ஆத்துத் தண்ணியில ஒரு மண்டலம் கெடந்துச்சு, யாரும் தொல்காப்பியம் படிச்சுட்டு செய்யல.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போனீங்கன்னா கல்லு மூணு மாடி மாதிரி இருக்கும். அதை பேப்பர் படிக்கற மாதிரி மேல இருந்து படிக்கக் கூடாது, கீழ இருந்து படிக்கணும். கீழ் மாடியில சண்டை, நடு மாடியில ரெண்டு பக்கமும் பொண்ணுங்க நின்னு வீரனை கைபிடிச்சு மேல கூட்டிட்டுப் போறாங்க, அவங்க தேவலோகத்துப் பொண்ணுங்க, மேல் மாடியில அவன் லிங்கத்துக்கு முன்னாடி உக்காந்திருப்பான். கவரி வீசறாங்கன்னா மேல போய்ச் சேந்துட்டான், மரியாதை கெடைச்சிடுச்சுன்னு சேதி. உச்சியில பிறையும் வட்டமும் இருந்தா சந்திரன் சூரியன், அதுங்க இருக்கற வரைக்கும் இவன் பேரு இருக்கும்னு ஊரு குடுத்த வாக்கு.

வீரன் பக்கத்துல ஒரு பொம்பளை நின்னு வலது கையை மேல தூக்கிட்டு இருந்தா அது வேற கதை. கையில பூவோ எலுமிச்சம்பழமோ இருக்கும், மணிக்கட்டுல வளையல் அடுக்கா தெரியும். அந்த வளையலைத்தான் பாக்கணும். புருஷன் செத்தா வளையல உடைப்பாங்க, இவ உடைக்கல, உடையறதுக்கு முன்னாடியே நெருப்புல எறங்கிட்டா. தீப்பாஞ்சம்மன்னு கும்பிடறோமே, அந்த அம்மன்ல நிறைய பேரு இவங்கதான். ஓசூர் தாண்டி கர்நாடகா பக்கம் மாஸ்திக்கல்னு சொல்றாங்க, அங்க சிலதுல ஆளே இருக்காது, ஒரு தூணு, தூணுல இருந்து முழங்கை மடங்கின ஒரு கை, கை நிறைய வளையல், அவ்ளோதான். அதைப் பாத்தப்ப என் சம்சாரம் ஒரு வார்த்தை பேசாம முந்தானையால கல்லைத் தொடச்சுட்டு வந்துட்டா. அவளா எறங்கினாளா எறக்கினாங்களான்னு கல்லு சொல்லாது. 1829ல கவர்னர் ஜெனரல் பெண்டிங் துரை உடன்கட்டை ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டது நல்ல காரியம், ஆனா போனவங்களோட கை மட்டுமாவது அங்க நிக்குது, அதையும் சுண்ணாம்பு பூசி மறைச்சா என்ன மிச்சம்?

தன் தலைமுடியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கழுத்துல கத்தி வச்சிருந்தா அது நவகண்டம், ஊருக்காகவோ தலைவனுக்காகவோ போர்த் தெய்வம் கொற்றவைக்கு தன்னையே பலி குடுத்தவன். மாமல்லபுரம் போனா திரௌபதி ரதத்துக்குள்ள கொற்றவை காலடியில ஒருத்தன் அப்படி உக்காந்திருப்பான், ஐஸ்க்ரீம் வாங்கிட்டு போற அவசரத்துல யாரும் பாக்கறதில்ல. கொங்குப் பக்கம் புலிகுத்திக் கல்லு நிறைய, புலி வாயில ஈட்டி போறது நல்லாவே தெரியும், விளக்கம் வேண்டாம்.

ஒரு தடவை மக வீட்டுக்குப் போனப்ப பழவேற்காடு போனோம், டச்சுக்காரங்க கல்லறைத் தோட்டம் இருக்கு, 17ஆம் நூற்றாண்டு. வாசல்லயே ரெண்டு பக்கமும் கல்லுல எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்காங்க, பேரன் பயந்துட்டான். உள்ள பெரிய பெரிய பலகைக்கல்லு, ஓரமெல்லாம் பூவேலை, குடும்ப முத்திரை, எழுத்து அச்சடிச்ச மாதிரி. அவங்க வாசல்ல "நீயும் ஒருநாள் இப்படித்தான்"னு வர்றவனுக்கு சொல்றாங்க. நம்ம ஆளுங்க அதைச் சொல்லல, சாவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, இவன் எதுக்காக செத்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அங்க கல்லறையைச் சுத்தி வேலி, போர்டு, மத்திய தொல்லியல் துறைக்காரங்க பராமரிப்பு. பாத்துட்டு சந்தோஷப்பட்டேன், வெளிநாட்டுக்காரன் கல்லறைன்னாலும் காப்பாத்தத்தான் வேணும், ஆனா எங்க வேடியப்பனுக்கு அதுல கால்வாசி கெடைக்கலையேன்னு மனசு அடிச்சுக்கிச்சு.

இப்ப எங்க ஊர் விஷயத்தைச் சொல்றேன், இதைச் சொல்லத்தான் கை நடுங்குது. எங்க ஊர் ஏரிக்கரை வேடியப்பன் கல்லு நெஞ்சு உசரம், சாம்பல் நிறப் பலகைக்கல்லு. சின்ன வயசுல ஆடு ஓட்டிட்டுப் போயி அந்தக் கல்லுக்கிட்டதான் உக்காருவோம். காலடியில இருக்கற அந்த கெண்டியோட மூக்கு மேல விரலை வச்சு தடவிக்கிட்டே இருப்பேன், எங்க ஆயா வீட்டு சொம்பு மாதிரி இருக்கும், எத்தனை தலைமுறைப் பசங்க தடவினாங்களோ அந்த ஒரு இடம் மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி வழவழன்னு இருக்கும். எட்டு வருஷம் முன்னாடி கும்பாபிஷேகம் பண்ணணும்னு ஊர்ல முடிவெடுத்தாங்க. நல்ல மனசோடதான் செஞ்சாங்க, யாரையும் குத்தம் சொல்லல. கல்லை நேரா நிக்க வைக்கணும்னு முழங்கால் வரைக்கும் சிமெண்ட் மேடை போட்டு டைல்ஸ் ஒட்டினாங்க, மேல எழுத்து இருந்த இடம் கரடுமுரடா இருக்குன்னு கிரைண்டர் வச்சு தேச்சாங்க, அப்புறம் எனாமல் பெயிண்ட், உடம்புக்கு நீலம், வேட்டிக்கு மஞ்சள், நெஞ்சுல இருந்த அம்பை பூணூல்னு நெனச்சு வெள்ளைக் கோடா இழுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ என்ன இருந்துச்சு? கெண்டி, சிமிழ், திமிலோட ஒரு மாடு. அவன் ஏன் செத்தான்ங்கற சேதி பூரா முழங்காலுக்குக் கீழதான் இருந்துச்சு. அந்த சிமெண்ட்ல ரெண்டு மூட்டை நான் வாங்கிக் குடுத்தது. அப்ப நான் டூட்டியில இருந்தேன், தமிழய்யா உடம்பு முடியாம கெடந்தாரு, கேட்ட உடனே காசு எடுத்துக் குடுத்தேன், எப்படி கட்டப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா ரெண்டடி தள்ளி மேடை போட்டிருப்பாங்க. இன்னைக்கு எங்க ஊர் சின்னப் பசங்களுக்கு வேடியப்பன் நீல கலர் சாமி, அவ்ளோதான் தெரியும்.

இன்னொரு கல்லு மெயின் ரோட்டு வளைவுல இருந்துச்சு, ரோடு அகலப்படுத்தும்போது மெஷின்ல புரட்டி தலைப்பக்கம் ஒடைஞ்சு வாய்க்கால்ல கெடந்துச்சு, வேலை எடுத்தவங்ககிட்ட கேட்டதுக்கு "கல்லுதானே பெருசு"ன்னாங்க. நானும் ரெண்டு பசங்களும் டிராக்டர்ல ஏத்தி ஸ்கூல் காம்பவுண்டு ஓரமா கொண்டு போயி நிறுத்தினோம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, தமிழய்யா முன்ன ஒரு தடவை சொன்ன அகநானூறு பாட்டு ஞாபகம் வந்துச்சு, 343. உப்பு விக்கற உமணனோட வண்டிச் சக்கரம் மோதி நடுகல்லோட தலை சிதைஞ்சு போச்சு, உளியில வெட்டின எழுத்துல கோடெல்லாம் மறைஞ்சு போச்சு, அதனால வழியில போறவங்க அதை வேற வேற அர்த்தமா படிச்சுட்டுப் போறாங்கன்னு மருதன் இளநாகனார் பாடியிருக்காரு. அப்பவே வண்டி மோதியிருக்கு, அப்பவே எழுத்தைத் தப்பா படிச்சிருக்காங்க. ஆனா அப்ப அதைப் பாத்து வருத்தப்பட ஒரு புலவர் இருந்தாரு. புறநானூறு 263ல இன்னொருத்தர் பறை அடிக்கற இரவலன்கிட்ட சொல்றாரு, அந்த வழியா போனீன்னா கல்லைக் கும்பிடாம தாண்டிப் போயிடாதன்னு. பஸ்ல போகும்போது டிரைவர் ஹாரன் அடிச்சு கன்னத்துல போட்டுக்கறது அந்த வழக்கம்தான்னு நினைக்கறேன், வழக்கம் மிச்சம் இருக்கு, யாரைக் கும்பிடறோம்ங்கறதுதான் தொலைஞ்சு போச்சு.

கும்பிடறதை நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், கும்பிட்டதாலதான் இந்தக் கல்லுங்க இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கு, கும்பிடாத கல்லெல்லாம் துணி தொவைக்கவும் மதகு கட்டவும் போயிடுச்சு. மஞ்சள் குங்குமம் போடுங்க, மாலை போடுங்க, அது தண்ணி ஊத்தினா போயிடும். எனாமல் போகாது, கிரைண்டர் தேச்சது திரும்பி வராது, சிமெண்ட்டைப் பேத்தா கல்லும் சேந்து பேந்து வரும். மேடை கட்டணும்னா கல்லைத் தொடாம சுத்தி கட்டுங்க. எண்ணெய் ஊத்தறவங்க விளக்குல ஊத்துங்க, கல்லு மேல ஊத்தி ஊத்தி பிசுக்கு ஏறி எழுத்தே தெரியாம போகுது. எங்கயாவது புதுசா கெடைச்சா தூக்கிட்டுப் போயி கழுவறதுக்கு முன்னாடி விஏஓகிட்டயோ தாலுகா ஆபீஸ்லயோ சொல்லுங்க, எந்த எடத்துல எந்தப் பக்கம் பாத்து கெடந்துச்சுங்கறதும் ஒரு தகவல்தான். தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகல்லுங்களை வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க, வாசகருங்க புள்ளைங்களைக் கூட்டிட்டு ஒரு தடவை போயிட்டு வாங்க, கெண்டியையும் சிமிழையும் அவங்களையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

உங்க நிருபர் தம்பிக்கு ஒரு விஷயம். நீங்க மத்தியானம் நல்ல வெயில்ல போட்டோ எடுத்திருக்கீங்க, நிழலே இல்ல. உச்சி வெயில்ல நடுகல் வெறும் பலகை மாதிரிதான் தெரியும், ஏன்னா செதுக்கினது அரை விரக்கடை ஆழம்கூட இருக்காது. காலையில ஏழு மணிக்கோ சாயங்காலம் அஞ்சு மணிக்கோ போங்க, வெயில் பக்கவாட்டுல சாஞ்சு விழும்போது ஒவ்வொரு கோடும் எந்திரிச்சு நிக்கும். இல்லன்னா ராத்திரி போயி டார்ச் லைட்டை கல்லோட ஓரத்துல ஒட்டி வச்சு அடிங்க, தமிழய்யா எனக்கு அப்படித்தான் காட்டினாரு, ஒண்ணுமே இல்லன்னு நெனச்ச இடத்துல இருந்து ஒரு மாட்டுக் கொம்பு வெளிய வந்துச்சு, அந்த நிமிஷம் ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு எனக்கு. எழுத்து படிக்கணும்னா தொல்லியல் துறைக்காரங்க மைப்படி எடுப்பாங்க, கல்லைக் கழுவி ஈரப் பேப்பரை ஒட்டி பிரஷ்ஷால தட்டித் தட்டி குழிக்குள்ள எறக்கி மேல மை ஒத்துவாங்க, கறுப்புல வெள்ளை எழுத்தா வந்துடும். அதுவரைக்கும் யாரும் ஆணி வச்சு எழுத்தை கீறி தெளிவாக்கறேன்னு ஆரம்பிச்சுடாம பாத்துக்கங்க.

திரும்ப ஒரு தடவை நீங்க அங்க போறதா இருந்தா எனக்காக ஒண்ணு பாருங்க தம்பி. வீரனோட பின்னங்காலுக்குப் பின்னாடி, கல்லோட ஓரத்துல, மண்ணு அப்பின மாதிரி ஒரு உருவம் இருக்கு. மாடு மூணும் எதிர்ப்பக்கம் இருக்கு, இது தனியா நிக்குது, திமில் இல்ல, வாலு மேல் பக்கமா வளைஞ்சிருக்கற மாதிரி எனக்குத் தெரியுது. லென்ஸ்ல பாத்தும் நிச்சயமா சொல்ல முடியல, பேப்பர்ல புள்ளி புள்ளியா பிரியுது. கன்னுக்குட்டியா நாயான்னு சாயங்கால வெயில்ல கிட்டப் போயி பாத்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. நாயா இருந்தா அது தலைக்கு மேல எழுத்து ஏதாவது இருக்கான்னும் பாருங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர்,
தண்டராம்பட்டு வட்டம்.